கண்ணாடி என்ற சொல்லுக்குப் பிறகு

அப்பு,

கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் அலைச்சல் இன்றோடு ஏறக்குறைய முடிந்தது. காலையில் உன் அம்மாவும் நானும் நத்தம் ரோட்டுப் பக்கம் மிச்சமிருந்த சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தோம். வந்த கையோடு அவள் ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் படுத்துவிட்டாள். நான் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வெயிலில் யாரும் கண் பார்க்க வரப்போவதில்லை. உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த மாதம் இந்நேரம் நீயும் நந்தினியும் நெய்க்காரப்பட்டியில் குடியிருப்பீர்கள். உன் வேலைக்கு அதுதான் தோது, அவளுக்கும் அதுதான் தோது, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்லப் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். பேச்சின் நடுவில் அந்தச் சொல் வந்ததும் எனக்கு நாக்கு நின்றுவிடுகிறது. நீயும் உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். எழுதுவதில் அந்தச் சங்கடம் இல்லை. நின்றால் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம், யாரும் பார்ப்பதில்லை.

என் பிழைப்பே கண்ணாடிதான். உன் வயதுக்கும் முன்னாலேயே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டேன். கண்ணாடி ரெடியா, கண்ணாடி கால் ஒடிஞ்சிருச்சு, கண்ணாடி போட்டா தலை வலிக்குது என்று காலையிலிருந்து இரவு வரை இந்தச் சொல்தான் இந்தக் கடைக்குள் புழங்கும். வாசலில் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கிறது. அவ்வளவு புழங்கிய சொல் நம் காதில் விழவே விழாது. மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு மெஷின் சத்தம் கேட்காது என்பார்களே, அப்படித்தான் எனக்கு அது இருந்தது. நீ கல்லூரி விடுமுறைக்கு முருகேசன் மாமா ஊருக்குப் போன அந்த வருஷம் வரைக்கும்.

அன்றைக்கு நடந்ததில் உன் பக்கம் உனக்குத் தெரியும். என் பக்கத்தை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. குஜிலியம்பாறையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த சமயம். கொடியை அள்ளிக் குவித்திருந்ததில் ஒரு கட்டைத் தூக்கப் போயிருக்கிறாய். பொழுது சாயும் நேரம். நான் கடையில் ஒரு பெரியவருடைய பிரேமில் லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடுதான் பேசினேன். “மாமா, பயலுக்குப் பூச்சி கடிச்சிருச்சு” என்றான் முருகேசன். நம் பக்கம் எதற்குப் பூச்சி என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மனசு அந்தப் பக்கம் போகவில்லை. என்ன பூச்சி என்று கேட்டேன்.

“கண்ணாடி” என்றான்.

எனக்கு அது என்னுடைய சொல். கண்ணாடி என்றால் கண்ணாடிதான். “கண்ணாடி குத்திருச்சா? கால்லயா?” என்று கேட்டேன். ரத்தம் வந்தால் துணியை வைத்து அழுத்திப் பிடி என்று வேறு சொன்னேன். மறுமுனையில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, “இல்ல மாமா, கண்ணாடி விரியன். நான் பாத்துட்டேன். பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டு வாரேன், நீங்க வந்துருங்க” என்றான். அந்த ஒரு சொல் இரண்டு தடவை என் காதில் விழுந்ததற்கு நடுவில் என்ன நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்கூட இருக்காது. அதற்குள் அந்தச் சொல் என்னிடமிருந்து போய்விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், “என் கண்ணாடிய நாளைக்கு வாங்கிக்கிறேன், நீங்க கெளம்புங்க” என்றார். நல்ல மனுஷன். அவர் சொன்னதும் என் கையிலிருந்த பிரேம் கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் உன் ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நிமிர்த்தி, ஆட்டாமல் வைத்தார்கள். உறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நானும் முருகேசனும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நேரமானதும் நர்ஸ் வந்து சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. “கண்ணாடியில ஒட்டவே இல்ல சார்” என்று டாக்டரிடம் சொன்னார். விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. கால் வீங்கித் தொடை வரை ஏறியது. மறுநாள் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே கிட்னி வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். நீ அரை மயக்கத்தில் கிடந்தாய். எனக்கும் உன் அம்மாவுக்கும் அந்த வார்டு வாசல்தான் வீடு. எல்லாரும் உன்னைப் பார்க்கும்போது அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள். என்ன கடிச்சுச்சு? கண்ணாடி. கண்ணாடியா, ஐயோ. இப்படி நாள் முழுக்க. என் சொல்லை வார்டில் ஆளாளுக்கு எடுத்து எடுத்து, அதில் வேறு எதையோ ஊற்றித் திருப்பிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

உன் அம்மாவுக்கு அந்த வார்டில் கிடைத்தது வேறு சொல். ஒவ்வொரு டாக்டரும் வந்து அவளிடம் கேட்கும் முதல் கேள்வி, யூரின் வந்துச்சா என்பதுதான். வந்துச்சாம்மா? வரலையா? இல்லை என்று தலையாட்டி ஆட்டி ஓய்ந்துபோயிருந்தாள். கடைசியில் ஒரு காலையில் பையில் கொஞ்சம் மஞ்சளாகச் சேர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு நீ தேறிவிட்டாய். கிட்னி முழுசாகத் திரும்பிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். ஆனால் இன்றைக்கும் பக்கத்து வீட்டில், “அக்கா, தண்ணி வந்துச்சா?” என்று குரல் கொடுத்தால் அவள் அடுப்பு முன்னால் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுகிறாள். திண்டுக்கல்லில் தண்ணீர் வருவதற்காகக் காத்துக் கிடக்கும் தெருவில் குடியிருந்துகொண்டு, அந்தக் கேள்வியிலிருந்து அவள் எங்கே ஓட முடியும்? நான் அதைப் பார்ப்பேன், ஒன்றும் சொல்லமாட்டேன். அவளும் என்னிடம் எதையோ பார்த்திருப்பாள், சொன்னதில்லை.

மறுபடி கடையைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. முதலில் வந்த பெண், “அண்ணே, கண்ணாடி வாங்கணும்” என்றாள். எனக்கு நெஞ்சு இடித்தது. சரி, இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பயம் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. பயம் மாதிரிப் பெரிதாக ஒன்றும் வராது. யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டு விடுவது மாதிரி ஒரு வெட்டு. அது என்னவோ சகித்துக்கொள்ளக்கூடியதுதான். தொந்தரவு எங்கே என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் பேச்சு எனக்குக் கேட்பதில்லை. காது திறந்துதான் இருக்கிறது, எதிரே இருப்பவரின் வாய் அசைவது தெரிகிறது, ஆனால் சொற்கள் உள்ளே வருவதில்லை. வாசல் நிலையிலேயே ஒரு ஆள் மறித்துக்கொண்டு நிற்பதைப் போல, முன்னால் வந்த அந்தச் சொல் நிற்கிறது. அது நகர்ந்த பிறகுதான் மற்றவை வருகின்றன, அதற்குள் பாதி வாக்கியம் போய்விடுகிறது. “கண்ணாடி வேண்டாம், லென்ஸ் மட்டும் மாத்திக் குடுங்க” என்று ஒரு வாத்தியார் சொன்னதில் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முழு பிரேமையும் மாற்றி வைத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அதிலிருந்து எல்லாரையும் இரண்டு தடவை கேட்பேன். காது மந்தமாகிவிட்டது என்று கடைத்தெருவில் பேச்சு. நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அது சுலபமாக இருந்தது.

அந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அது தன் சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்துக்கொண்டு வந்தது. கடலை. கொடி. கட்சிக்காரர்கள் கொடி கட்ட வருகிறோம் என்றால் என் தலை நிமிரும். பஸ் ஸ்டாண்டில் கடலை விற்பவன் குரல் எத்தனை இரைச்சலிலும் எனக்குத் தனியாகக் கேட்கும். பாய் விரி, குடையை விரி, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்காதே என்று எதைச் சொன்னாலும் அந்த விரி எனக்கு முழுசாகக் கேட்பதற்கு முன்னாலேயே வேறு ஒன்றாக முடிந்துவிடும். பேப்பரைப் பிரித்தால் பக்கம் முழுக்க இருக்கும் செய்திகளில் ஏதோ ஒரு மூலையில் ஒரு வரியில் டயாலிசிஸ் என்று இருந்தால் கண் நேராக அங்கேதான் போய் விழும். நான் தேடுவதில்லை அப்பு. அது என்னைத் தேடி வருகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று சொன்னால் நீ சிரிப்பாய். போன மழைக்காலத்தில் கடைக்கு எதிரே சாக்கடையிலிருந்து ஒரு சாரைப்பாம்பு ஏறி வந்தது. தெருவே கூச்சல் போட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரசரவென்று போனது, துணிக்கடைக்குப் பின்னால் மறைந்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்து, “நல்லவேளை, விரியனா இருந்திருந்தா?” என்றார். அதற்குத்தான் எனக்கு வியர்த்தது. நிஜப் பாம்பு பத்தடி தூரத்தில் போனபோது வராத வியர்வை, அதன் பெயருக்கு வந்தது. என்னைக் கடித்தது பாம்பு இல்லையே. உன்னைக் கடித்தது அது, என்னைக் கடித்தது அந்தப் போனில் வந்த சொல். அதனால்தானோ என்னவோ.

நீ படிப்பை முடித்துவிட்டுச் சொட்டுநீர்க் குழாய் போடும் கம்பெனியில் சேர்ந்தபோது நான் வாய் திறக்கவில்லை. ஒட்டன்சத்திரம், கீரனூர் என்று தோட்டம் தோட்டமாக இறங்கி நடக்கிற வேலை. பூட்ஸ் போட்டுக்கொள்கிறாய், கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்கிறாய். “பாம்பு இருக்கத்தான்ப்பா செய்யும், அது பாட்டுக்குப் போகும், நாம பாட்டுக்குப் போவோம்” என்று சாதாரணமாகச் சொன்னாய். கடிபட்டவன் நீ. உனக்கு அது நிலத்தில் பார்த்து நடக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். பார்த்து நடக்கிறாய், வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுகிறாய். எனக்கு அது நிலத்தில் இல்லை, ஆட்களின் வாயில் இருக்கிறது. பூட்ஸ் போட்டு என்ன செய்ய?

இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இருந்தேன். நீயும் அம்மாவும் கவனித்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு இந்த வருஷம்தான் உறைத்தது. நீ என் எதிரில் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. ஸ்பெக்ஸ் என்பாய், மிரர் என்பாய், டம்ளர் உடைந்தால் டம்ளர் உடைந்தது என்பாயே தவிர எதனால் ஆன டம்ளர் என்று சொல்லமாட்டாய். அம்மா பாயை விரி என்பதற்குப் பதில் பாயைப் போடு என்கிறாள். எத்தனை வருஷமாக இப்படி வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசியிருக்கிறீர்கள்! ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரு ஆளுக்காகத் தினமும் சுற்றி நடப்பது எவ்வளவு அலுப்பான வேலை. உங்கள் பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் ஒரு கெடுதலும் நடந்தது. வீட்டில் கேட்காத சொல் வெளியில் கேட்கும்போது இன்னும் பலமாக விழுந்தது. அது எவ்வளவு பலமாக விழும் என்று நெய்க்காரப்பட்டியில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

சம்பந்தம் பேச நந்தினி வீட்டுக்கு நாங்கள் போன அன்று நீ வரவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டாய். அவர்கள் தோட்டத்தில் குழாய் போடப் போன இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் பழகியது அவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை என்று தெரியும். அதனால் நான் பயந்துகொண்டேதான் போனேன். உன் உடம்புக்கு வந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். போனதும் அம்மாவைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். கூட வந்த முருகேசன் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான். நானும் நந்தினியின் அப்பா சென்னியப்பனும் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தோம். மல்லிகையைப் பற்றி எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். “மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சுப் போடோணுமுங்க” என்றார்.

விரிய என்பது வரைக்கும்தான் கேட்டது. மீதியை என் காது தானாக முடித்துக்கொண்டது. எதிரே மல்லிகைச் செடிகள், அடியில் காய்ந்த சருகு. என் கண் அந்தச் சருகை விட்டு நகரவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்டு நிறுத்தினார். முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி என்று புரிந்தது. கடையில் பழகிய பழக்கம், என்ன கேட்டார்கள் என்று தெரியாவிட்டால் பொதுவாக ஒன்று சொல்லிவைப்பேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். காபி வந்தது, குடித்தோம், கிளம்பினோம். உன் உடம்பு விஷயம் பேசவே சந்தர்ப்பம் வரவில்லையே என்று திரும்பும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். அவளும் அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

அவர்கள் பக்கமிருந்து பேச்சே இல்லை. ஒரு சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாய். “ஏன்ப்பா பொய் சொன்னீங்க?” என்று கேட்டாய். பையனுக்கு முன்னாடி ஏதாச்சும் பெரிய சீக்கு வந்திருக்கா என்று அவர் கேட்டிருக்கிறார். நீ முதலிலேயே நந்தினியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய், அவள் வீட்டிலும் சொல்லியிருந்தாள். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார், நாங்கள் நேராகப் பேசுகிற ஆட்களா என்று பார்க்க. நான் ஒன்றும் இல்லை என்றிருக்கிறேன். எப்போது கேட்டார் என்று நான் உன்னையே திருப்பிக் கேட்டேன். உனக்குக் கோபம் கூடிவிட்டது. “பக்கத்துல உக்காந்து கேட்டது காதுல விழலையா?” என்றாய். விழவில்லை என்று எப்படிச் சொல்வது? நீ அந்த ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் ஒருவரிடமும் சொல்லாமல் நெய்க்காரப்பட்டிக்குப் போகப் பழனி பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கேட்கிறவருக்குச் சாக்காகத்தான் படும் என்று தெரிந்தது. ஒரு சொல் கேட்டதால் அடுத்த சொல் கேட்கவில்லை என்று வயசான ஆள் வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? சென்னியப்பன் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். ஆனால் சிரிப்பு இல்லை. “கிட்னி எங்களுக்குப் பெருசில்லீங்க. உங்க பையன் மறைக்கலை, நீங்க மறைச்சீங்க. அதுதான் மனசுக்குச் சங்கடமாப் போச்சு” என்றார். நான் ஆரம்பித்தேன். கடை, போன், முருகேசன் குரல் என்று ஏதோ குழறினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நம்பவில்லை. அவருடைய செல்போனில் ஏதோ மெசேஜ் வந்தது. தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நந்தினி, என்ர கண்ணாடிய எடுத்துட்டு வா சாமி” என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி எதையோ கேட்டார்.

நான் பேசாமல் இருந்தேன். மறுபடி கேட்டாரா, தெரியாது. நான் குழறியதை உள்ளேயிருந்து கேட்டிருப்பாள் போல, நந்தினி வந்து நின்றது தெரிந்தது. அவள்தான், “அப்பா, கொஞ்சம் பொறுங்க, அவருக்குக் கேக்கலீங்க” என்றாள். என் பக்கத்தில் வந்து குனிந்து, “மாமா, அப்பா இப்ப என்ன கேட்டாங்கன்னு தெரியுமுங்களா?” என்றாள்.

“தெரியலம்மா” என்றேன்.

“பஸ்ஸுல வந்தீங்களா, கார்ல வந்தீங்களான்னு கேட்டாங்க.”

அதற்கு யாராவது பொய் சொல்வார்களா அப்பு? அதை மறைப்பதில் யாருக்கு என்ன லாபம்? சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். என் இரண்டு காலும் தரையில் இல்லை. சேரின் குறுக்குக் கட்டையில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தேன். எப்போது தூக்கினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் செல்போனை ஓரமாக வைத்துவிட்டுச் சேரை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “காலக் கீழ வைங்க. இங்க ஒண்ணும் இல்லீங்க” என்றார். ஒரு குழந்தையிடம் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார். நான் வைக்கும் வரைக்கும் காத்திருந்தார். அப்புறம், “அன்னைக்குக் கேட்டதையே இப்பக் கேக்கறனுங்க. பையனுக்கு என்ன ஆச்சு?” என்றார்.

அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உறையாத ரத்தம், வீங்கிய கால், வார்டு வாசல், அம்மா என் சட்டையைப் பிடித்து அழுதது எல்லாம். இடையில் அந்தச் சொல் பல தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் நின்றேன், அவர் அவசரப்படுத்தவில்லை. இவ்வளவு வருஷத்தில் அதை முழுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ கடிபட்டதை நான் ஒரு வெளியாளிடம் சொல்லி ஆற வேண்டியிருந்தது, உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை. சாயங்காலம் அவரே பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க என்றார். அதை மட்டும் தெளிவாகக் கேட்டேன்.

இதற்குப் பிறகு எனக்குச் சரியாகிவிட்டது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆகவில்லை. இன்று காலையில் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டில்கூட, கண்ணாடி வளையல் அடுக்கணும் என்று யாரோ சொன்னதும் எனக்கு அந்த வெட்டு விழுந்தது. இந்த வயதுக்கு மேல் அது போகும் என்ற நம்பிக்கையும் இல்லை. களைத்துவிட்டேன். சாகும் வரை கூட வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று தெரிந்துகொண்டேன். அந்தச் சொல் வந்து மறிப்பதை என்னால் தடுக்க முடியாது, ஆனால் அது நகர்ந்த பிறகு, நடுவில் விட்டுவிட்டேன், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க முடியும். இதற்கு ஏன் இவ்வளவு வெட்கப்பட்டேன் என்று இப்போது விளங்கவில்லை.

அதனால் நீயும் அம்மாவும் எனக்காக வார்த்தையைப் பொறுக்கிப் பேசியது போதும். இனிமேல் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய பெயரில் சொல்லுங்கள். நான் நின்றுவிட்டால் செத்த நேரம் பொறுத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள். நந்தினி கேட்டது மாதிரி கேட்டால் போதும். உனக்குப் பிள்ளை பிறந்து தோட்டத்தில் ஓட ஆரம்பித்தால், கை வைக்குமுன் கம்பால் தட்டச் சொல்லிக் கொடு, செருப்புப் போடாமல் இறங்கவிடாதே. பாம்பின் பெயரையும் சாதாரணமாக, ஆட்டின் பெயர் மாட்டின் பெயர் மாதிரி சொல்லிக் கொடு. நான் அங்கே வந்திருக்கும்போது அந்தப் பிள்ளை என் முன்னால் அதைச் சொல்லி, நான் பதறினால், தாத்தாவுக்கு அது ஒரு பழைய கதை என்று மட்டும் சொல். பிள்ளையின் வாயைப் பொத்தாதே. நந்தினியிடமும் உன்னிடமும் இப்படி ஏதாவது சொல் இருக்கும், இல்லாவிட்டால் இனிமேல் சேரும். எல்லாருக்கும் சேர்கிறது. அவள் ஏதோ ஒரு சாதாரணப் பேச்சில் திடீரென்று நின்றால் கோபப்படாதே, காரணமும் உடனே கேட்காதே. பக்கத்தில் இரு, அவளாகச் சொல்வாள். தண்ணி வந்துச்சா என்ற குரலுக்கு உன் அம்மா நிற்கும்போது நான் அப்படி இருந்ததில்லை, இப்போது இருக்கப் பார்க்கிறேன்.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நீ போன் செய்தாய். ஏதோ தோட்டத்திலிருந்து பேசினாய், பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் கண்ணாடியின் கால் ஒடிந்துவிட்டது, கல்யாணத்துக்குள் புதிதாக ஒன்று செய்து கொடுக்கணும் என்று சொன்னாய். இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அப்போதுதான் கேட்டேன். தவறி வந்ததா, தெரிந்தே சொன்னாயா, தெரியவில்லை. எனக்கு வழக்கம்போல எல்லாம் நின்றுபோனது. அதன் பிறகு நீ என்னவோ கேட்டாய். ம்ம், சரிப்பா என்று சொல்லி வைத்துவிடத்தான் வாய் வந்தது. சமாளித்துக்கொண்டு, “அப்பு, நடுவுல விட்டுட்டேன், திரும்பச் சொல்லு” என்றேன். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“சாப்டீங்களான்னு கேட்டேன்ப்பா” என்றாய்.

இல்லை, இன்னும் சாப்பிடவில்லை. இதை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவை எழுப்பிச் சாப்பிடப் போகிறேன்.

அப்பா